வீட்டிலே நடந்த வாக்கியங்கள்

"உங்க பொண்ணுக்கு என்ன வயசு ஆவுது?" என்று கேட்டார் ராஜாங்கம் மாஸ்டர்.

"மூணரை சார்," என்றான் புருஷோத்தமன்.

"மூணரை வயசுக் கொழந்தைக்கு சொந்தமா செல்போன் வாங்கிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதைப் பறிமுதல் பண்ணீங்க?"

வகுப்பில் இருந்த மற்றவர்கள் கீழே குனிந்து சிரித்தார்கள். முந்தைய நாள் மாஸ்டர் கொடுத்த வார்த்தை கான்ஃபிஸ்கேட். பறிமுதல் செய்வது என்று அர்த்தம். அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். புருஷோத்தமன், சேதராப்பட்டு கம்பெனியில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது, 'நான் நேற்று இரவு என் மகளின் செல்போனைப் பறிமுதல் செய்தேன்' என்று இங்கிலீஷில் ஒன்றை ஜோடித்து, வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நடக்கவில்லை.

ராஜாங்கம் மாஸ்டரிடம் நடக்காதது செல்லாது. முத்தியால்பேட்டையில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே, மாடியில் அவர் நடத்திய வகுப்பின் சட்டமே அதுதான். அகராதியில் இருக்கும் ராஜா, சிங்கம், இமயமலை எல்லாம் அவருக்கு ஆகாது. 'உன் வீட்டில் ராஜா இருக்கிறானா?' என்று கேட்பார். பெரிய வார்த்தை நாக்கில் நிற்க வேண்டுமானால் அது உன் வீட்டில் நடந்திருக்க வேண்டும் என்பார். அதோடு வாக்கியம் 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும். அடுத்தவன் செய்ததைச் சொல்வதற்குத்தான் நியூஸ்பேப்பர் இருக்கிறதே என்பது அவர் கட்சி. மாஸ்டருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த ரத்தமோ என்னவோ, மாஸ்டர் ஒவ்வொரு வாக்கியத்தையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார். விசாரணையில் தேறிவிட்டால் 'த்ரே பியேன்' என்பார். இங்கிலீஷ் வகுப்பில் ஏன் பிரெஞ்சில் பாராட்டுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. பாராட்டினால் போதும் என்று இருந்தார்கள்.

இவ்வளவு விசாரணை நடக்கும் இடத்தில் குடும்ப விஷயங்கள் வெளியே வராமல் இருக்குமா? அதற்கும் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "இங்க சொன்னது எதுவும் இந்த மாடிப்படி எறங்கக் கூடாது," என்று முதல் நாளே சொல்லிவிடுவார்.

"நாளைக்கு நெஜத்தைக் கொண்டு வாங்க," என்று சொல்லி அன்று புருஷோத்தமனை உட்காரவைத்தார்.

பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசருக்கு இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு என்றால், எல்லாம் மகள் துர்காவுக்காகத்தான். கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க விண்ணப்பித்திருந்தான். நாலைந்து இடத்தில் அலைந்து கடைசியாகக் கூப்பிட்ட பள்ளி அது ஒன்றுதான். அதை விட்டால் வேறு போக்கில்லை. அங்கே குழந்தையைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள் என்று கம்பெனியில் ராஜவேல் பயமுறுத்தி வைத்திருந்தான். போன வருஷம் ஓர் அப்பாவிடம், 'உங்கள் குழந்தை ப்ரிகோஷியஸா?' என்று கேட்டாராம் பிரின்சிபால். வயதுக்கு மீறிய கெட்டிக்காரத்தனம் உண்டா என்று அர்த்தம். அந்த மனிதர் அது ஏதோ தொற்றுநோய் என்று நினைத்துக்கொண்டு, எல்லா ஊசியும் போட்டாச்சு மேடம் என்று சத்தியம் செய்திருக்கிறார். சீட்டு கிடைக்கவில்லை.

சரி, வகுப்புக்குப் போவதைப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகலாமே? அங்கேதான் சிக்கல். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, மாமனார் வீட்டில் யாரோ நீட்டிய மருந்துச் சீட்டை இங்கிலீஷில் கடகடவென்று வாசித்துவிட்டான் புருஷோத்தமன். கம்பெனியில் தினமும் பார்க்கும் அட்டைப் பெட்டியில் இருந்த அதே மருந்து அது. அன்று முதல் அந்தக் குடும்பத்துக்கு அவன்தான் இங்கிலீஷ் மாப்பிள்ளை. மாமனார் ஊரான பாகூரில் எவருக்கு இங்கிலீஷில் என்ன தபால் வந்தாலும் அவன் பதவுரை சொல்ல வேண்டும். அவனும் ஏதோ சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தான். சரிதாவிடம், "பிரின்சிபால் முன்னாடி நீ சிரிச்ச முகமா உக்காந்திருந்தா போதும், பேச்சையெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்று வேறு சொல்லியாகிவிட்டது. இனி ஓவர்டைம் என்று பொய் சொல்லாமல் எப்படி வகுப்புக்குப் போவது?

அன்று அவன் முதலியார்பேட்டையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சரிதா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி விஷம் கலந்த பாலைக் குடிக்கப்போகும் கட்டம். புருஷோத்தமன் நேரே போய் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இதைப் பறிமுதல் பண்றேன்."

சரிதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு?"

காரணம் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. நல்ல வேளை, முந்தாநாள் சாப்பிடும்போது அவள் அவன் கையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியது நினைவுக்கு வந்தது. "நீ மட்டும் என் ஊறுகாயை எடுக்கல?" என்றான்.

"அது வேற," என்றாள் சரிதா.

"எப்படி வேற?"

அன்று இரவு வெறும் ரசம்தான் வந்தது. ஆனால் மறுநாள் மாடியில், அவன் வாக்கியத்தை மாஸ்டர் மடக்கி மடக்கிக் கேட்டும் அது நின்றது. ரிமோட் இப்போது எங்கே இருக்கிறது என்றார். பையிலிருந்து எடுத்துக் காட்டினான். மாஸ்டர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மீசை லேசாகத் துடித்தது. "த்ரே பியேன்," என்றார்.

அடுத்த வார்த்தை ரிகன்சைல். சண்டைக்குப் பிறகு சமாதானமாவது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று புருஷோத்தமன் மகிழ்ந்துபோனான். சண்டைதான் வீட்டில் தயாராக இருக்கிறதே. மறுநாள் பெரிய மார்க்கெட்டில் மல்லிகைப் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு முதலில் வீட்டுக்கு விரைந்தான். சமாதானத்தை முடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடிவிடலாம் என்பது திட்டம்.

வாசலிலேயே மீன் வறுக்கும் வாசனை வந்தது. வஞ்சிரம். உள்ளே சரிதா தலை வாரிப் பொட்டு வைத்துச் சிரித்த முகமாக நின்றாள். ஊறுகாய் பாட்டில் பீரோவிலிருந்து விடுதலையாகித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"போனது போவட்டுங்க. தப்பு எம்மேலதான். வந்து சாப்பிடுங்க," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முந்திக்கொண்டு சமாதானத்துக்கு வந்ததே கிடையாது. வரவேண்டிய நாளா இது? அவள் சமாதானம் செய்தால் வாக்கியம் 'அவள்' என்றல்லவா தொடங்கும்? 'நான்' என்று தொடங்க வேண்டுமானால் இன்னொரு சண்டை வேண்டும். அதுவும் வகுப்புக்கு நேரமாவதற்குள் வேண்டும்.

ஒரு துண்டு மீனை வாயில் போட்டான். தேவாமிர்தமாக இருந்தது. "கருகிப் போச்சு," என்றான்.

"எங்க கருகிச்சு?"

"உங்க வீட்டு ஆளுங்களுக்குக் கருகினது தெரியாது. உன் தம்பி கல்யாணத்துல போட்ட சாம்பாரே கருகல்தானே."

தம்பி கல்யாண சாம்பார் அந்த வீட்டில் தொடக்கூடாத விஷயம். சரிதாவின் முகம் மாறியது. கொஞ்ச நேரத்துக்கு அவன் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சண்டை நடந்தது. அவள் கண்ணில் நீர் தளும்பியதும் அவனுக்கே பாவமாகிவிட்டது. சட்டென்று பையைத் திறந்து பூவை எடுத்து நீட்டினான்.

"இது எதுக்கு?"

"சமாதானம்."

"சமாதானமாத்தானேங்க இருந்தோம்?" என்றாள் அவள். நியாயமான கேள்விதான். பூவை வாங்கித் தலையில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சண்டை யாரால் வந்தது என்று மாஸ்டர் கேட்டார். என்னால்தான் என்றான். சமாதானம் யாரால் என்றார். அதுவும் என்னால்தான் என்றான். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிறிது நேரம் தோள் குலுங்க இருமினார். பிறகு வழக்கமான பிரெஞ்சைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சரிதாவுக்குத் தலைவலி. துர்கா அப்பாவோடு வருவேன் என்று அடம்பிடித்ததால், வேறு வழியில்லாமல், கடைத்தெருவுக்கு என்று சொல்லி, அவளையும் பைக்கில் முன்னால் உட்காரவைத்து வகுப்புக்குக் கூட்டிப்போனான். குழந்தை படிகளில் அவனுக்கு முன்னால் ஏறி, மூலையிலிருந்த பாயில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. மாஸ்டரின் மனைவி கொடுத்த முறுக்கைத் தின்றது. எங்கே போனாலும் ஒட்டிக்கொள்ளும் குழந்தை என்று அவனுக்குப் பெருமை. திரும்பும்போது, அம்மாவிடம் சொல்லிவிடாதே கண்ணு என்று கெஞ்சினான். துர்கா அனுபவசாலியைப் போலத் தலையாட்டினாள்.

அன்றைய வார்த்தை ஹாஸ்பிடபிள். விருந்தோம்புவது. சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் திங்களன்று வாக்கியம் சொன்னால் போதும். புருஷோத்தமன் யோசித்துப் பார்த்து, மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் அரிகிருஷ்ணனையும் அவர் மனைவி பாக்கியலட்சுமியையும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டான். அந்தப் பள்ளி பக்கத்து ஏரியாக் குழந்தைகளுக்குத்தான் முன்னுரிமை கொடுக்கும். இந்த வீட்டு முகவரி இருந்ததால்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிட்டார்கள். அதனால் வீட்டுக்காரரைக் குளிரவைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டான்.

ஞாயிறு காலை இதைச் சரிதாவிடம் சொல்லி முடிப்பதற்குள், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் தனக்கொடி இறங்கினாள். அவளைத் தொடர்ந்து இரண்டு சின்ன மாமியார்கள் இறங்கினார்கள்.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்ட?" என்று சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"சும்மாத்தான். நீங்க யாரைக் கேட்டு மேல்வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டீங்க?"

"அதுவும் சும்மாத்தான்."

விருந்து தடபுடலாக நடந்தது. சாம்பாரில் வெந்நீரும் ரசத்தில் அதைவிட அதிக வெந்நீரும் கலந்து ஒப்பேற்றினார்கள். விசித்திரம் என்னவென்றால், பரிமாறுவதில் புருஷனும் பெண்டாட்டியும் போட்டி போட்டார்கள். அவன் ஒரு வடை வைத்தால் அவள் வந்து இன்னொன்று வைத்தாள். நான் போடுறேன், இல்ல நான் போடுறேன் என்று பாயசக் கரண்டிக்கு இழுபறி. நடுவில் மாட்டிய அரிகிருஷ்ணன் சர்க்கரை வியாதிக்காரர். கையால் இலையை மறைத்துப் பார்த்தார். கைமேலேயே பாயசம் விழுந்தது. இப்படி ஓர் உபசாரத்தை ஆயுசில் பார்த்ததில்லை என்று தனக்கொடி உருகிப்போனாள். பேத்திக்கு ஸ்கூல் கிடைக்கும்வரை இங்கேயே இருந்து ஒத்தாசை செய்கிறேன் என்று தங்கிவிட்டாள். சின்ன மாமியார்கள் மட்டும் பஸ் ஏறினார்கள்.

இப்படி வீட்டில் மாமியார் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் மாஸ்டர் அடுத்த வார்த்தையைக் கொடுத்தார். இவிக்ட். குடியிருப்பவரை வெளியேற்றுவது.

புருஷோத்தமனுக்கு ஒரு கணம் மாமியாரின் முகம் மனக்கண்ணில் வந்தது உண்மைதான். மறுகணமே கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவ்வளவு துணிச்சல் அவன் பரம்பரையில் யாருக்கும் இருந்ததில்லை. வேறு யாரை வெளியேற்றுவது என்று வீடு முழுக்கத் தேடினான். சமையலறைப் பரணில் ஒரு பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மாடி வீட்டுப் பாக்கியலட்சுமியின் செல்லம், பெயர் மிமி. பாலுக்கு மேல்வீடு, தூக்கத்துக்குக் கீழ்வீடு என்று இரண்டு வீட்டையும் ஆண்டுகொண்டிருந்தது. குடியிருப்பு என்றால் இதைவிட என்ன வேண்டும்? துணிப்பையில் போட்டுத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், மீன் ஏலம் விடும் இடத்தில் இறக்கிவிட்டான். பூனைக்கும் நல்லதாகத்தானே போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீடு திரும்பினான்.

கூடத்தில் தனக்கொடி தன் பெட்டியின்மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயிருப்பனே. பெத்த பொண்ணு வாயால சொல்லவச்சுட்டீங்களே."

புருஷோத்தமனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரிதாவைப் பார்த்தான். சரிதா மின்விசிறியைப் பார்த்தாள். இவள் எதற்குத் தன் அம்மாவைப் போகச் சொன்னாள்? விஷயம் வெளியே வந்துவிட்டதோ, மனதுக்குள் நினைத்தது முகத்தில் தெரிந்துவிட்டதோ என்று திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தான். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து பாக்கியலட்சுமி, மிமி, மிமி என்று கூப்பிடும் குரல் கேட்டது. குரல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

துறைமுகத்தில் மீன் வாங்கப் போன யாரோ, புருஷோத்தமன் கையிலிருந்த பையில் வால் ஆடியதைப் பார்த்திருக்கிறார்கள். அரிகிருஷ்ணன் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "வாயில்லா ஜீவனை வெளியேத்தினவங்களுக்கு என் வீட்டுல எடமில்ல. மாசம் பொறந்ததும் காலி பண்ணிக்கங்க தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே வார்த்தையில் பூனை போயிற்று, மாமியார் போகிறாள், வீடும் போகப்போகிறது. வீடு போனால் முகவரி போகும். முகவரி போனால் துர்காவின் சீட்டு போகும். இன்டர்வியூவோ சனிக்கிழமை. ஒரு வார்த்தை படிக்கப்போய்க் குழந்தையின் எதிர்காலத்தையே கெடுத்துவிட்டோமே என்று புருஷோத்தமன் தன்னையே நொந்துகொண்டான். கையைக் காலைப் பிடித்து மாமியாரை ஒரு நாள் மட்டும் தங்கவைத்தான்.

மறுநாள் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "உங்களுக்கு அடுத்த வார்த்தை ரொம்பத் தேவைப்படும்," என்று சொல்லிப் பலகையில் எழுதினார். கன்ஃபெஸ். செய்த தப்பை ஒப்புக்கொள்வது.

இந்த முறை வாக்கியத்துக்காக எதையும் ஜோடிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம், நான் உங்களைப் போகச் சொல்லவே இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வந்தான். அங்கே தனக்கொடி பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லவே இல்லியாம் மாப்ள. இவளே சொன்னாளாம். இப்பத்தான் ஒத்துக்கறா. எதுக்குடி சொன்னேன்னா சும்மாத்தாங்கறா," என்று புகார் சொன்னாள். பழி மகள்மேல் விழுந்ததில் அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். மகளைத் திட்டுவது என்றால் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம்.

புருஷோத்தமன் சரிதாவை நன்றியோடு பார்த்தான். அவளே தைரியமாக ஒத்துக்கொண்டாள், நாம் சும்மா இருப்பதா என்று ரோஷம் வந்தது. விடுவிடுவென்று மாடிக்கு ஏறி, பாக்கியலட்சுமியின் முன்னால் நின்று, பூனையைக் கொண்டுபோய் விட்டது நான்தான், புத்தி கெட்டுப் போய்ச் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டான். அந்தம்மாள் அழுதாள். பூனை வந்தால் வீடும் உண்டு என்றாள். உடனே அரிகிருஷ்ணனைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் பறந்தான்.

மிமி ஒரு மீன் தலையின் முன்னால் ராணிபோல உட்கார்ந்திருந்தது. ஒரே நாளில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. இவர்கள் இருவரையும் இதற்குமுன் பார்த்ததாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. துண்டைப் போட்டுப் பிடிப்பதற்குள் புருஷோத்தமனின் கை முழுக்கக் கோடு விழுந்தது. திரும்பும் வழியில் அரிகிருஷ்ணன் அவன் காதோடு, "காலி பண்ணச் சொன்னதை மறந்துடுங்க தம்பி. எனக்கும் இந்தப் பூனைக்கும் ஆவறதே இல்ல. அடுத்த தரம் கொஞ்சம் தூரமா, கடலூர் பக்கம் விட்டுடுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை சரிதா இன்டர்வியூவுக்குப் போட வேண்டிய துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். புருஷோத்தமன் கையிலிருந்த கீறல்களுக்கு மருந்து தடவிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி கல்யாண சாம்பாரைப் பற்றிப் பேசியது உறுத்தியது. பூவை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்த அவள் முகம் உறுத்தியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் என்ன? மாஸ்டர், மாடி, வாக்கியம், மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும்?

"சரிதா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. "எனக்கும் ஒண்ணு சொல்லணுங்க," என்றாள்.

"நீ சொல்லு."

"நீங்க முதல்ல சொல்லுங்க."

இங்கிலீஷ் மாப்பிள்ளை என்ற பட்டத்தை விட மனம் வரவில்லை. "அந்தப் பூனை விஷயந்தான். என் தப்பு," என்றான்.

"நானும் அம்மா விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன்," என்றாள் சரிதா. சட்டையில் தீய்ந்த வாசனை வந்ததால் பேச்சு அதோடு முடிந்தது.

சனிக்கிழமை பிரின்சிபால் அறையில் புருஷோத்தமன் வேறு சட்டையில் உட்கார்ந்திருந்தான். நரைத்த தலையும் கதர்ப் புடவையுமாக இருந்த அந்த அம்மாள், உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டதுதான் தாமதம், அவன் நாக்கு தானாகப் புரண்டது. வீட்டில் நடந்தது நாக்கில் நிற்கும் என்று மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. ரிமோட்டைப் பறிமுதல் செய்தேன் மேடம், பிறகு சமாதானமானேன், நாங்கள் விருந்தோம்பும் குடும்பம், ஒரு பூனையை வெளியேற்றினேன், அதை ஒப்புக்கொண்டேன் என்று ஐந்து பெரிய வார்த்தைகளையும் தட்டுத் தடங்கல் இல்லாமல் இறக்கிவைத்தான். நடுவில் ஓரக்கண்ணால் பார்த்தபோது, சிரித்த முகமாக உட்காரச் சொல்லியிருந்த சரிதா சிரிக்கவில்லை. வாயைப் பிளந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனின் இங்கிலீஷைக் கேட்டு அசந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

பிரின்சிபால் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து விண்ணப்பத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, தமிழுக்கு மாறினார்.

"இங்கிலீஷை நாங்க சொல்லிக் குடுத்துக்குவோம். அதுக்கு நீங்க கஷ்டப்பட வேணாம். நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். பெரியவங்க படிக்கறதைப் பாத்தாத்தான் கொழந்தை படிக்கும். உங்க வீட்ல இப்ப யாராவது எதையாவது படிக்கறீங்களா?"

உண்மையைச் சொன்னால் சீட்டு. அது புருஷோத்தமனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பக்கத்தில் சரிதா இருந்தாள். அவளுக்குப் பின்னால் பாகூரே இருந்தது. இத்தனை வருஷத்துக் கௌரவத்தை இந்த நாற்காலியில் வைத்தா உடைப்பது?

"நாங்கல்லாம் எப்பவோ படிச்சு முடிச்சாச்சு மேடம்," என்றான் கம்பீரமாக.

பிரின்சிபால் சரிதாவின் பக்கம் திரும்பினார். அவள் புருஷனை ஒருமுறை பார்த்தாள். "எனக்கு வீட்டு வேலைக்கே நேரம் சரியா இருக்குங்க மேடம்," என்றாள்.

பிரின்சிபால் பெருமூச்சு விட்டார். உண்மையாகவே அவருக்கு வருத்தம்தான் போலிருந்தது. விண்ணப்பத்தை இடதுபக்கம், தள்ளிவிட்டவற்றின் கட்டின்மேல் வைத்துவிட்டுப் பேனாவை மூடப்போனார். அதுவரை மேஜையிலிருந்த உலக உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்த துர்கா, அதை நிறுத்திவிட்டு பிரின்சிபாலைப் பார்த்துச் சொன்னாள்:

"ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க மிஸ், காலையில அம்மாவும் சாயங்காலம் அப்பாவும் அதே மிக்ஸி கடை மாடித் தாத்தாகிட்டதான் படிக்கறாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிடக் கூடாதுன்னு எனக்கு ரெண்டு பேரும் ஐஸ் வாங்கித் தராங்க."